அறுபத்து நான்காவது நிபந்தனை

“ஆமை ரோட்டைத் தாண்டுறதுக்கு நான் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கணுமா, லோர்னா?”

ராய்ஸ் திபடோ உத்தரவை மேசைமேல் போட்டார். மெய்ன் மாநிலத்தில், டோல்மன் அருவி என்ற ஊரின் சின்ன நீர்மின் நிலையம் அவருடையது. அதன் உரிம நிபந்தனைகளைக் கவனித்துக்கொள்வது லோர்னாவின் வேலை.

“மே மாசத்திலேர்ந்து ஜூலை வரைக்கும்தான். முட்டை போட வர்ற சீசன்,” என்றாள் அவள்.

உரிமம் கைக்கு வந்தபோது பத்தொன்பது நிபந்தனைகள். இது அறுபத்து நான்காவது. விலாங்கு மீன் மேலேறச் சாய்தளம் கட்டி, ஏறுவதை எண்ண ஒருவர். நீர்ப்பறவை அடைகாக்கும்போது படகுகளைத் தள்ளிப் போகச் சொல்ல இன்னொருவர். படகைத் தூக்கிக்கொண்டு அணையைச் சுற்றி நடப்பவர்கள் களைத்தால் உட்காரப் பெஞ்சு. பெஞ்சைத் துடைக்க ஓர் ஆள். மின்சாரம் தயாரிப்பவர்கள் என்னவோ அன்றும் இன்றும் மூன்றே பேர்.

ஒவ்வொரு முறையும் யாரோ வாஷிங்டனில் இருக்கும் உரிம அலுவலகத்துக்கு மொட்டைக் கடிதம் போடுவார்கள். அங்கிருந்து உத்தரவு வரும். கோடையில் மட்டும் ஏரிக்கரை வீட்டுக்கு வரும் பாஸ்டன்காரர்களின் வேலைதான் இது என்பது ராய்ஸின் முடிவு. லோர்னா மறுக்கவில்லை. எதிர்த்து எழுதலாமா என்று கேட்டார். போன தடவை எதிர்த்து எழுதியதற்குத்தான் பெஞ்சுக்குக் கூரையும் போடச் சொன்னார்கள் என்று நினைவூட்டினாள்.

“இப்படியே போனா, ஒரு பல்பு எரியறதுக்கு ஊரையே வேலைக்கு வைக்கணும்.”

“அப்படித்தான் போகும்போல.”

“சரி, யாரைப் போடுறது? ஆமை வேகத்துக்கு ஈடு கொடுக்கணுமே.”

டுவைட் ஒலெட்டைப் போடலாம் என்றாள். காகித ஆலையை மூடியதிலிருந்து மூன்று வருஷமாக வீட்டோடு இருக்கிறான். நிதானமானவன்.

ராய்ஸ் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

லோர்னா தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஆலையில் வேலை இழந்தவர்களின் பட்டியலை எடுத்து, டுவைட்டின் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். அடுத்த பெயர் கிளேட்டன். இருபது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவர். பகலில் கண் திறக்காது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்: ‘ஐயா, அணைக்கடியில் வாழும் வௌவால்களைப் பற்றி யாருக்குமே அக்கறையில்லை.’