உன் மகன்கிட்ட சொல்லும்மா

"அம்மா, காலையில பிரஷர் மாத்திரைய நான் குடுத்துட்டேன்னு உன் சின்ன மகன்கிட்ட சொல்லு."

"நானும்தான் குடுத்தேன்னு உன் பெரிய மகன்கிட்ட சொல்லும்மா."

மயங்கி விழுந்து, அப்போதுதான் கண் திறந்திருந்த தாயின் கட்டிலுக்கு இருபுறமும் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உயிரே போயிருக்கும். கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் வெந்துடுமா?"

நர்ஸ் அந்த அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏற்கெனவே போட்டாச்சுன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே? மறந்துட்டீங்களா?"

"மறக்கல. தெரிஞ்சேதான் ரெண்டாவதையும் முழுங்கினேன். நான் விழுந்தாலாவது இவனுங்க ஒருத்தனுக்கொருத்தன் பேசிப்பானுங்கன்னு நினைச்சேன்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்பவும் நான்தான் தூது போகணுமாம். ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லு."