பிஸ்டன் மேல் விழும் அடி

என்ஜின் ஆயில் தீர்ந்ததென்று எரிந்த சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிக் காரை ஓட்டிய மேதாவி நான். நேற்று நடுரோட்டில் என்ஜின் இறுகி நின்றது. மெக்கானிக்கான என் மனைவி இப்போது அதைப் பிரித்துப்போட்டு, சிலிண்டரோடு ஒட்டிப்போன பிஸ்டனைச் சுத்தியலால் அடித்துத் துரத்துகிறாள். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் டார்ச் பிடிக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் குதிக்கிறது, கரி தெறிக்கிறது. பிஸ்டன் துள்ளி விழுகிறது, அதன் உடம்பெல்லாம் நகக்கீறல் போலக் கோடுகள். விழுந்ததையும் விடாமல் உதைக்கிறாள். அது போய் மோதித் தகர டப்பா ஒன்று நசுங்குகிறது. "அடுத்தது என் மண்டையா?" என்கிறேன். அடுத்த பிஸ்டன் மேல்தான் அடி விழுகிறது. "ஏம்மா, என் மேல அவ்வளவு கோபமா?" சுத்தியல் அந்தரத்தில் நிற்கிறது. "கோபமில்லங்க, பயம். பின்னாடி வந்த லாரி பிரேக் பிடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு நான் யாருகூடப் பேசாம இருப்பேன்?"