பிசிறு

2022 ஆகஸ்ட் 9, கோயம்புத்தூர். மருத்துவமனையின் எடை மெஷினில் ஏழு வயது மிருதுளா ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள்.

“கணையத்துல இன்சுலின் நீளமான சங்கிலியாத்தான் உருவாகும். ஒரு நொதி அதை வெட்டினாத்தான் வேலை செய்யும். இவளுக்கு அந்த நொதி பிறவியிலேயே இல்லைங்கம்மா. பசியை அடக்குற ஹார்மோனையும் அதுதான் வெட்டணும். அதான் எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கறதில்லை” என்றார் டாக்டர்.

தாய் துளசிமணி திருப்பூர் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் தொங்கும் நூல்பிசிறை வெட்டுபவள். கத்தரி வளையம் அழுத்தி அவளுடைய கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது.

“வெட்டறதுதானுங்களே? ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் வெட்டறனுங்க. எங்கன்னு காட்டுங்க.”

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“மருந்து இருக்குதுங்களா?”

“இங்க கிடைக்காதும்மா. சாப்பாட்டைப் பூட்டி வைங்க.”

“மூணு வருசமாப் பூட்டித்தானுங்க வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டு நாய்க்கு வெச்ச சோத்தைத் திங்கறா.”

டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் மிருதுளா, “பசிக்குதும்மா” என்றாள். துளசிமணி அன்று அவளை அடிக்கவில்லை. எதுவும் வாங்கிக் கொடுக்கவும் இல்லை.