ஜக்கின் மூக்கு

தண்ணீர் ஜக்கைத் தூக்கி, தம்ளர் விளிம்பில் ‘ணங்’கென்று இடித்து ஊற்றிக்கொண்டார் கல்லூரி முதல்வர். மனுஷர் கோபத்தில் இருக்கிறார் என்று, மேஜையில் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா நினைத்துக்கொண்டாள்.

எதிரே மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். கண் பரிசோதனைப் படிப்புக்கான நேர்முகத்தில் எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொல்லிவிட்டாள். மருத்துவச் சான்றிதழை முதல்வர் புரட்டியபோதுதான் வந்தது வினை.

“ஆறு வயசுல ஒரு கண்ணு போயி, செயற்கைக் கண்ணு வச்சிருக்கியா? பார்த்தா தெரியவே இல்லையே! இதை வச்சுக்கிட்டு அடுத்தவங்க கண்ணை எப்படிம்மா பார்ப்பே?”

“இருக்கிற கண்ணால பார்ப்பேன் சார்.”

அம்மா பதறிக் குறுக்கிட்டாள். “சார், நான் தையல்காரி. எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கிறதே இவதான்.”

முதல்வர் நாற்காலியோடு முழுசாக அம்மா பக்கம் திரும்பினார். “அது வேற, இது வேறம்மா. ரெண்டு கண்ணும் இருந்தாத்தான் தூரம், ஆழம் சரியாத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன், வேற படிப்பு பாருங்க.”

சான்றிதழ் ஃபைலை மூடி மகள் முன்னால் தள்ளினார்.

நல்லதுக்குத்தான் என்று முடிகிற பேச்சைக் கேட்டுக் கேட்டு வாயாடிக்குக் காது புளித்துப்போயிருந்தது. கண் போன வருஷம் ஊரே உச்சுக்கொட்டியபோது, கண் ஆஸ்பத்திரியில் அவளைப் பரிசோதித்த அக்கா மட்டும்தான், “இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு, அப்புறமென்ன?” என்றாள். அன்றைக்கே முடிவு செய்த படிப்பு இது. அதை இவர் ஒரு தள்ளில் முடித்துவிடுவதா?

ஃபைலைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள். “வேற படிப்பு வேண்டாம் சார். இந்த சீட்டுதான் வேணும்.”

“அப்படியா? உன் முன்னால இருக்கிற தம்ளர்ல தண்ணி ஊத்து, பார்ப்போம்.”

‘ணங்.’ ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் முதல்வர் சிரித்தார். “கேட்டியா சத்தத்தை? ஆழம் தெரியாதவங்கதான் இப்படி ஜக்கோட மூக்கை விளிம்புல முட்டுக்கொடுத்து ஊத்துவாங்க. மத்தவங்க கவனிக்க மாட்டாங்க. என்கிட்ட நடக்குமா?”

வாயாடி நிதானமாகத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அவருடைய தம்ளரைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டேன் சார். ரெண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, நீங்க ஊத்தினப்போ.”

முதல்வரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எனக்குப் போனது வலது கண்ணு. உங்களுக்கு இடதுதானே சார்?”