இடைவேளைக்குப் பிறகு

டிவிடியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் அவருடைய விரல்களுக்கு மசியவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார்.

'நான்காவது பாஸ்போர்ட்.'

அட்டையில் கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியுமாக நிற்கிறான். பின்னால் பினாங்கின் பாம்புக் கோயில். அவன் தோளில் சாய்ந்தபடி கதாநாயகி. அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து வந்தவள். தமிழில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதவள்.

அவளுக்குக் குரல் கொடுத்தது தமயந்தி. அவருடைய மனைவி.

தமயந்தி போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

வீட்டில் அவள் குரல் எதிலும் இல்லை. அவர் தேடாத இடமில்லை. மகள் சுபாஷிணியின் கல்யாண வீடியோவில் தமயந்தியின் வாய் அசைகிறது, நாதஸ்வரம்தான் கேட்கிறது. யாராவது போனை நீட்டிப் படமெடுக்க வந்தால் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அவர் போட்ட ஒரே நிபந்தனை, இனி மைக் முன்னால் நிற்கக் கூடாது என்பது. அவர் நினைத்ததைவிடக் கெட்டியாக அதை அவள் பிடித்துக்கொண்டாள்.

மிச்சம் இந்தப் படம்தான். பழைய படங்களைத் தூசி தட்டி வெளியிடும் ஒரு கம்பெனி இதைக் கொண்டுவருகிறது என்று தெரிந்ததிலிருந்து சுபாஷிணியை நச்சரித்து வாங்க வைத்தார்.

மத்தியான வெயில். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். சட்டையை மாற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படம் ஓடியது.

கதாநாயகன் கப்பலிலிருந்து குதித்தான். கடலை நீந்திக் கரையேறினான். தொப்பி நனையவில்லை. சிகரெட் லைட்டரைத் திறந்து அதற்குள் யாரிடமோ பேசினான். சீன விளக்குகள் தொங்கும் ஹோட்டலில் வில்லன் தேநீர் குடித்தபடியே ஒருவனைச் சுடச் சொன்னான். எல்லாம் கோடம்பாக்கத்துப் பினாங்கு.

கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மிஸ்டர் பாஸ்கர், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்."

யாரோ பேசினார்கள்.

சுத்தமான, இந்தக் காலத்துக் குரல். எஃப்.எம். ரேடியோவில் வெயிலைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுமே, அந்த மாதிரி.

நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். அதே பெண்தான் பேசினாள்.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. மூலப் பிரதியில் ஒலி சேதமடைந்திருந்ததால் முக்கியப் பாத்திரங்களின் வசனங்கள் புதிய குரல்களில் பதிவு செய்யப்பட்டுள்ளன.

"படுபாவிகளா" என்றார் வாய்விட்டு.

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவர்கள் செய்தது இப்போதுதான். அவர் அதை எப்போதோ செய்துவிட்டார்.

இந்தப் படத்துக்கு ஒருமுறை அவளோடு போயிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே அவள் குரல் கொடுத்து முடித்திருந்தாள், படம் பிறகுதான் வந்தது. புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கதாநாயகி "டார்லிங்" என்று கொஞ்சியதும் முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் அதே மாதிரி கொஞ்சிக் காட்டினான். தியேட்டரே சிரித்தது. தன் பெண்டாட்டியைத்தான் ஊரே கூப்பிட்டுக் கேலி செய்கிறது என்று அவருக்குப் பட்டது. இடைவேளை மணி அடித்ததும் எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

அவள் பின்னாலேயே வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சொன்னாள்.

"இன்டர்வல்லுக்கு அப்புறம் ஏர்போர்ட் சீன் ஒண்ணு வருங்க. அதுல அறிவிப்பு சொல்றதும் நான்தான். சொல்ல வேண்டிய பொண்ணு வரலன்னு என்னையே பேசச் சொன்னாங்க. அதுல கொஞ்சலெல்லாம் கிடையாது. அதையாவது நீங்க கேட்டிருக்கலாம்."

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவள் அந்தப் படத்தின் பேச்சையே எடுக்கவில்லை.

ரிமோட்டை எடுத்து அணைக்கப் போன கை அப்படியே நின்றது.

முக்கியப் பாத்திரங்கள் என்றுதானே போட்டிருக்கிறான்.

திரையில் 'இடைவேளை' என்று வந்து போனது.

பாம்புக் கோயிலில் சண்டை நடந்தது. கதாநாயகியைக் கடத்தினார்கள். அவள் அந்த இரவல் குரலில் அலறினாள். நடுவில் ஒரு பாட்டு. அவர் எதையும் தள்ளிவிட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்க்காத படத்தை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு ஒரு கண்ணாடிக் கதவு. பெட்டிகள். தூரத்தில் விமானத்தின் இரைச்சல்.

ஒலி சட்டென்று கரகரத்தது. இந்த ஒரு இடத்துக்குப் புதுக் குரல் தேட யாரும் மெனக்கெடவில்லை.

"பயணிகளின் கவனத்திற்கு. பம்பாய் செல்லும் விமானம் புறப்படத் தயாராக இருக்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் தயவுசெய்து இதற்கு மேல் வர வேண்டாம்."

தமயந்தி.

கல்யாணத்துக்கு முந்தைய தமயந்தி. கொஞ்சலே இல்லை. வார்த்தையின் முடிவில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. "சாப்பிட வாங்க" என்று அடுப்படியிலிருந்து கூப்பிடும்போது கடைசிவரை இருந்த இழுப்பு.

எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பிலேயே திரும்பி, வா, மீதியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவர் மூக்கை உறிஞ்சினார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சுபாஷிணி காபி டம்ளரோடு வந்து கதவருகே நின்றாள். திரையில் கதாநாயகன் விமானத்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தான்.

"அப்பா... அம்மா குரல் மாதிரி கேட்டுச்சே."

அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்து உட்காரும்மா. இப்பதான் இன்டர்வல் முடிஞ்சுது."