குடிகாரன் பொண்ணு

"இன்னிக்கும் ஊத்திகினு வந்துட்டியா?"

கலைவாணி வாசலிலேயே வழிமறித்தாள். மகள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கச் செஞ்சிக்குப் போயிருந்த கோவிந்தராஜ், சிங்கவரம் பஸ்ஸை விட்டு இறங்கி, கால் பின்னப் பின்ன வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையிலிருந்து பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

"கோச்சிக்காத கலைவாணி. கல்யாணம் முடியட்டும்." வார்த்தைகள் குழறின.

இத்தனை வருஷமாக பிராந்திக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன். மகள் தமிழ்மொழிக்கு நிச்சயம் ஆன நேரம் பார்த்தா இந்தப் புத்தி வர வேண்டும்?

"சம்மந்திக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்யா!"

சம்பந்தி பச்சைமுத்துவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "ஊர்ல எவன் குடிக்கல? பொண்ணு தங்கமான பொண்ணு. எங்களுக்கு அது போதும்மா" என்று சிரித்துவிட்டார். அப்புறம்தான் கலைவாணிக்கு மூச்சு வந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. முகூர்த்த நேரத்தில், தாரை வார்க்க எழுந்தவரின் கையைத் தட்டிவிட்டு உட்கார வைத்தாள்.

"இந்தக் கையால என் பொண்ண தாரை வார்க்க வாணாம்."

கோவிந்தராஜின் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதையில் அழுகிறார் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரே கேட்டார்.

"ஓவரா குடிச்சிட்டாரு டாக்டர்."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "குடியா? இவருக்கு நுரையீரல்ல புற்றுநோய். அதை எதிர்க்க உடம்பு கிளப்புற சக்தி, ஆள் மாறிப்போய் மூளையைத் தாக்குது. நடையையும் பேச்சையும் பார்த்துக்கற நரம்பெல்லாம் கெட்டுப்போகுது. அதான் இந்தத் தள்ளாட்டம், குழறல். முன்னாடி இங்க வந்து காட்டினப்பவே அட்மிட் ஆகச் சொன்னேன். பொண்ணு கல்யாணம் முடியட்டும்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

கலைவாணி கட்டிலருகே போய், கல்யாணத்தில் தட்டிவிட்ட அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அந்த வாடை..?"

"சட்டை மேலதான் ஊத்திகினேன்." கோவிந்தராஜ் சிரிக்கப் பார்த்தார். "குடிகாரன் பொண்ணுன்னா கட்டிப்பாங்க கலைவாணி. கேன்சர்காரன் பொண்ணுன்னா யோசிப்பாங்க."