அஞ்சாவது தபா

"இன்னாக்கா, காலைலேர்ந்து இது அஞ்சாவது தபா. பாத்ரூம்ல வூடு கட்டிகினு கீறியா?"

கழிப்பறை வாசலிலேயே காத்திருந்து, ஜெசிந்தாவைத் தன் அறைக்குக் கூட்டி வந்திருந்தான் சூப்பர்வைசர் கலைவாணன். செங்கல்பட்டு பக்கம் சார்ஜர் ஒயர் செய்யும் கம்பெனி அது. அவள் மூன்றாம் லைனின் லீடர். லீடர் நகர்ந்தால், ஒயர்கள் நகர்ந்து வரும் பெல்ட்டை நிறுத்திச் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அது விதி.

"நீ போனா பெல்ட் நிக்குது. மேனேஜர் என் உசுர வாங்குறாரு. டெஸ்ட் எடுத்துகினு வரச் சொன்னேனே?"

மடித்த தாளை நீட்டினாள். எரியும் கண்களைக் கசக்கிக்கொண்டு படித்தான். மூன்று நாளாக அவனுக்கு டபுள் ஷிப்ட்.

"சுகர் நார்மல். கிட்னி நார்மல். வியாதின்னு இருந்தா சொல்லிச் சமாளிச்சிருப்பேன். இப்ப இன்னா சொல்றது?"

"அடிக்கடி வருது சார்."

"மூணாம் லைன்ல டேங்க் லீக்காவுதுன்னு பசங்க சிரிக்கிறானுங்க. காதுல வுழலியா?"

"மூஞ்சிக்கு எதுக்கவே சொல்றானுங்க. வுழாம?"

"வெக்கமா இல்ல?"

"இருக்குது."

கலைவாணனுக்கு அலுத்துவிட்டது. மெமோவை அவள் பக்கம் தள்ளினான். கையெழுத்துப் போட்டால் நாளை முதல் அவள் லீடர் இல்லை. பதினோரு வருடம் வேலை பார்த்துக் கிடைத்த இடம்.

"காரணம் எதுனா சொல்லேன்க்கா. எழுதி அனுப்பிப் பாக்குறேன்."

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப போடு. சீக்கிரம்."

அவள் மெமோவைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

"நாலு வரிக்கு எவ்ளோ நேரம்க்கா?"

"சரியா புரியல சார். இன்னொரு தபா படிச்சிக்கிறேன்."

"பெல்ட் நின்னுகினு கீது! பேஜாரு பண்ணாத!"

"லீடர் வேல போற விசயம். படிக்காம போட முடியுமா?"

கலைவாணன் எரிச்சலோடு எழுந்தான். லைனில் வேறு யாரையாவது நிற்க வைக்கலாம் என்று கதவைத் திறந்தான். ஐந்து தடவையும் அவள் பின்னாலேயே ஓடியவன், இப்போதுதான் லைனைப் பார்த்தான்.

ஒரு ஸ்டூல்கூட இல்லாத அந்த லைனில், எட்டு மணி நேரமும் நின்றே வேலை பார்க்கும் இருபத்திரண்டு பெண்களும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தூங்கியே போயிருந்தாள்.

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். ரிப்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டான்.

"சார், அந்தக்காவுக்கு சுகர்தான். முந்நூத்தம்பது கீதாம்."